கரையை ஒட்டிய ஐம்பது மீட்டர்

முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடலுக்குப் போகிறவர்கள் விடியுமுன் கரைக்கு வந்ததும் முதலில் மணலில் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். வலை ஏற்றியாகிவிட்டது, கட்டுமரம் தண்ணீர் விளிம்பில் கிடக்கிறது, ஆனாலும் ஒருவரும் அவசரப்பட மாட்டார்கள். ஒரு பீடி தீரும்வரை, சில நாள் இரண்டு மூன்று பீடி தீரும்வரை, வாய் திறக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சாயாத் தூக்கோடு போய் நின்ற நான் ஒருநாள் அப்பாவிடம் ஏதோ கேட்கப்போனேன். "பேசாதே மக்கா, எண்ணிட்டிருக்கேன்" என்றார். அலையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

அலைகள் ஒரே சீராக வருவதில்லை. வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காற்றில் பிறந்த அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும்போது ஓரிடத்தில் சேர்ந்து உயர்கின்றன, ஓரிடத்தில் ஒன்றையொன்று அமர்த்துகின்றன. அதனால் பெரிய அலைகள் நாலோ ஆறோ சேர்ந்தாற்போல வந்து விழுந்தபின் கொஞ்ச நேரம் கடல் ஓயும். அந்த ஓய்வு ஒரு நிமிடமும் இருக்கலாம், மூன்று நிமிடமும் இருக்கலாம். மரத்தைத் தள்ளி, ஏறி, துடுப்பைப் போட்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டுவதெல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஏழாவது அலைதான் பெரியது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அப்பா அதை ஏற்றதே இல்லை. "கடலுக்குக் கணக்கு உண்டும். ஆனா நேத்தைக்குள்ள கணக்கு இன்னைக்கு ஆவாது" என்பார். தினமும் புதிதாக எண்ணுவார்.

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கடலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஏறிவிட்டால் கடியப்பட்டினத்திலிருந்து குளச்சல்வரை கரை முழுவதும் இரவும் பகலும் இரையும். வீட்டுக்குள் பேசினால்கூடக் குரலை உயர்த்த வேண்டும். பல வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும். அந்த மாதங்களிலும் வயிற்றுப்பாட்டுக்காக மரம் இறக்கியவர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் பக்கவாட்டில் பிடிக்க, ஒருவர் பின்னால் தள்ள, மரத்தின் தலை அலைக்கு நேராக இருக்கும்படி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு காத்திருப்பார்கள். தலை கொஞ்சம் திரும்பினாலும் அலை அதைப் பக்கவாட்டில் வாங்கி உருட்டிவிடும். நனைந்த மரம் பல நூறு கிலோ எடை. என் பெரியப்பா மகன் அப்படி உருண்ட மரத்துக்கும் கரைக்கும் நடுவில் அகப்பட்டுத்தான் இறந்தான். நெஞ்சில் அடி. கடலில் எட்டு பாகம், பத்து பாகம் ஆழத்துக்குப் போய் வலை வீசிய பையன், வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், நெஞ்சளவு தண்ணீரில் போனான். ஊரில் கடலுக்குப் பலியானவர்களை இன்று நினைத்துப் பார்த்தால், அவர்களில் பாதிப்பேர் கரையைப் பார்த்துக்கொண்டே போனவர்கள்.

நான் கடல்தொழிலுக்குப் போகவில்லை. படித்தேன், சென்னையில் வேலை கிடைத்தது. கடலை விட்டு இருக்க முடியவில்லை என்பதால் கயாக் பழகினேன். முதலில் முட்டுக்காட்டுக் காயலில், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடற்கரைகளிலிருந்து வெளிக்கடலுக்கு. கடல் கயாக் என்பது ஐந்து மீட்டர் நீளமும் இரண்டடிக்கும் குறைந்த அகலமும் கொண்ட மூடிய படகு. இருபத்தைந்து கிலோ இருக்கும். நடுவில் ஆள் உட்காரும் குழி, அதன் வாயை இடுப்போடு சேர்த்து மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட் என்ற ரப்பர் துணி. இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பு. கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் பனிக்கடலில் வேட்டையாடியவர்கள் விலங்குத் தோலால் செய்த படகின் வழி வந்தது இது. தண்ணீர் உள்ளே வராமல் காப்பதே அதன் உயிர். அங்கே நனைந்தால் குளிரே ஆளைக் கொன்றுவிடும்.

அப்பா ஒருமுறை சென்னைக்கு வந்திருந்தபோது கடற்கரைக்கு அழைத்துப்போய்க் கயாக்கைக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்தார். மூக்கைத் தடவிப் பார்த்தார். குழிக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார்.

"நல்ல ஓட்டம் ஓடும் போலிருக்கே. ஆனா இதுக்குள்ள தண்ணி ஏறிச்சுன்னா பின்ன எங்கே போவும் மக்கா?"

"கவிழ்ந்தா இறைக்கணும் அப்பா. பம்பு இருக்கு."

"வெளிய போன பிறகு இறைக்கலாம். அலைக்குள்ள நின்னுட்டு யாரு இறைப்பா?"

கயாக் பழகியவர்களிடம் நான் பயிற்சி எடுத்திருக்கிறேன், புத்தகங்கள் படித்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வியை இத்தனை சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. கட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும், அதே இடுக்கு வழியாக இறங்கிவிடும். அலை முழுசாக மேலே விழுந்தாலும் அடுத்த நொடி அது பழைய எடையில் மிதக்கும். மூடிய கயாக் அப்படி இல்லை. முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்த நல்ல கயாக்கில்கூட நடுக்குழியில் மட்டும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். இருபத்தைந்து கிலோப் படகு ஒரே அலையில் அதைப்போல ஐந்து மடங்கு எடையாகி, திசை தெரியாமல் கரையை நோக்கி வரும். வழியில் நிற்கிற ஆளை அது பார்க்காது. இப்போது சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் திறந்த பிளாஸ்டிக் கயாக்குகளில் தண்ணீர் தானே வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். கட்டுமரத்தின் புத்திதான் அது.

அன்று அப்பா சென்னைக் கரையையும் வெகுநேரம் பார்த்தார். "இது அடிச்சு விழுற கடல்" என்றார். எங்கள் ஊரில் மணல் சரிவு மெதுவாக இறங்கும் இடங்களில் அலை தூரத்திலேயே நுரைக்க ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை விட்டுவிட்டுக் கரைக்கு வரும். தன் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடைந்துவிடுகிறது. ஒரு மீட்டர் அலை ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடையும். சரிவு மெதுவாக இருந்தால் அந்த ஆழம் கரையிலிருந்து வெகுதூரம். செங்குத்தான கரையில் அது நான்கு எட்டு தூரத்தில் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின்போது சென்னைக்குத் தெற்கே பல இடங்களில் கடல் மணலை அரித்துக் கரையைச் சுவர்போல வெட்டிவிடுகிறது. அப்போது அலை கடைசி நொடிவரை உடையாமல் வந்து, எழுந்து, சுருண்டு, மொத்தமாக மணலில் விழும். ஒரு கன மீட்டர் கடல்நீர் 1,025 கிலோ எடை. அது முழங்காலளவு தண்ணீருக்கு மேல் விழும்போது கீழே நிற்கிறவருக்கு மெத்தையாக இருக்கத் தண்ணீரே இல்லை. நம் கடலில் குளிர் கொல்வதில்லை. மணல்தான் கொல்கிறது. தலைகுப்புற மணலில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தவர்களை எல்லாக் கடற்கரைக் குப்பத்திலும் தெரியும்.

அப்படி ஒரு கரையில்தான் என் தோழியின் முழங்கால் போனது. பருவமழை முடியும் காலம், ஞாயிற்றுக்கிழமைக் காலை. பயணத்தை நடத்தியவர் நல்ல திறமைசாலி. வந்தார், "சின்ன அலைதான்" என்றார், முதல் ஆளாக அழகாக அலையைத் தாண்டி வெளியே போய்விட்டார். அங்கிருந்து துடுப்பைத் தூக்கி மற்றவர்களை வரச்சொல்லிக் கையசைத்தார். கரையில் படகைப் பிடித்து நேராக்கித் தள்ளிவிட, அலை பார்த்துச் சொல்ல, ஒருவரும் இல்லை. தோழி மூன்றாவதாக இறங்கினாள். ஸ்கர்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கிய தண்ணீர் படகின் மூக்கை இழுத்துத் திருப்பிவிட்டது. அடுத்த அலை பக்கவாட்டில் பிடித்தது. கவிழ்ந்தாள், வெளியே வந்தாள், தொடையளவு தண்ணீரில் எழுந்தும் நின்றுவிட்டாள். நன்றாக நீந்தத் தெரிந்தவள், பதறவும் இல்லை. படகு போய்விடக்கூடாதே என்று அதைப் பிடித்துக்கொண்டு கரைப்பக்கமாக நின்றாள். நான் ஓடிக்கொண்டே கத்தினேன், "விட்ரு! கடல் பக்கமா வா!" அலையிரைச்சலில் அது கேட்டிருக்காது. தண்ணீர் நிறைந்த படகை அடுத்த அலை தூக்கி அவள் முழங்காலில் வைத்தது. தசைநார்கள் அறுந்தன. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது நடக்கிறாள், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள்.

படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதே என்பதைக் கட்டுமரக்காரர் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறோம். சோறு சூடாக இருக்கிறது, தொடாதே என்று சொல்வது மாதிரி. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கயாக் கற்றுத்தருகிற இடத்தில் முதல் பாடமாக அதைச் சொல்லாதது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். திறமைசாலி முதலில் வெளியே போய்விடுவது எத்தனை தவறு என்பதையும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நல்ல அனுபவம் உள்ளவர் இருவர் வேண்டும். ஒருவர் முன்னால் போய் வெளியே காத்திருக்க வேண்டும், இன்னொருவர் புதியவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுக் கடைசியாக வர வேண்டும். அப்படி இருவர் இல்லாவிட்டால், இருக்கிற ஒருவர் கரையில்தான் இருக்க வேண்டும். அலை குறைந்த வேறொரு நாளில் போய்க்கொள்ளலாம்.

இறங்குவது எப்படி என்று எழுத்தில் கற்றுத்தர முடியாது. என் உடம்பு தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். படகைத் தண்ணீர் வந்து தொடும் விளிம்பில், மூக்கு அலைக்கு நேராக இருக்கும்படி வைத்து உட்கார்ந்துகொள்வேன். ஸ்கர்ட்டை மாட்டியதும் அதைக் கழற்றும் வார் வெளியே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பேன். அது உள்ளே மடங்கியிருந்தால் கவிழும்போது வெளியே வருவது மிகக் கடினம். பிறகு கைமுட்டிகளை மணலில் ஊன்றிப் படகு திரும்பாமல் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். அலைக்கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை விழுந்து, அதன் தண்ணீர் சரிந்து இறங்கும்போது அதோடு சேர்ந்து இறங்கிவிட வேண்டும். அதன்பின் யோசனை கிடையாது, வலிப்பதுதான். பாதி வழியில் பெரிய அலை ஒன்று எழுவதைப் பார்த்தால் மனம் துடுப்பை நிறுத்தச் சொல்லும். நிறுத்தினால் போச்சு. ஓட்டம் இல்லாத படகை அலை பின்னோக்கித் தூக்கிக்கொண்டு போகும், செங்குத்தாக நிமிர்த்திப் பின்புறமாகக் கவிழ்க்கும். முன்னால் குனிந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, துடுப்பைப் படகின் பக்கவாட்டோடு சேர்த்துவைத்து, அலைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வர வேண்டும். துடுப்பை முகத்துக்கு முன்னால் குறுக்கே பிடித்தால் அலை அதையே பல்லில் வைத்து அடிக்கும்.

பக்கவாட்டில் அகப்பட்டுவிட்டால் அலையின் பக்கம் சாய்ந்து, துடுப்பை அலையின் மேல் ஊன்ற வேண்டும். கரைப்பக்கம் சாய்ந்தால் அந்த நொடியே கவிழ்வோம். ஊன்றும்போது முழங்கை விலாவை விட்டு விலகக்கூடாது. கையைத் தலைக்கு மேலே நீட்டி ஊன்றியவர்களின் தோள்மூட்டு கழன்றுவிடுகிறது. அலையில் கயாக் ஓட்டுகிறவர்களுக்கு அதிகம் வரும் காயங்களில் அது ஒன்று.

திரும்பி வருவது இன்னும் கடினம். வெளியே இருந்து பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும். கரையிலிருந்து ஆளுயரமாகத் தெரிந்த அலை, கடலிலிருந்து பார்க்கும்போது சாதுவான மேடாகத் தெரியும். வெளியே போக முடிந்த எல்லாரும் உள்ளே வந்துவிட முடியும் என்று நினைக்கக்கூடாது. காலை ஏழு மணிக்கு இருந்த கடல் பத்து மணிக்குக் காற்று ஏறியபின் இருக்காது. அலையின் முதுகிலேயே அதை விடாமல் தொடர்ந்து வந்து, அது உடைந்த பின்னால் அந்த நுரையின் பின்னே கரையேற வேண்டும்.

மெரினாவுக்கு நேராக வெளிக்கடலில் கயாக்கில் நிற்கும்போது எனக்குப் பழைய சென்னப்பட்டினம்தான் நினைவுக்கு வரும். இந்த அலைதான் அந்தத் துறைக்குக் கதவாக இருந்தது. துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் எல்லாம் அலைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் பொதிகளையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தவை. மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து தாங்கும். அந்தப் படகுகளோடு கட்டுமரங்களும் கூடவே போகும், தண்ணீரில் விழுகிறவர்களைத் தூக்குவதற்கு. கடலில் பல ஆயிரம் மைல் கடந்து வந்த வெள்ளைக்காரர்கள் கடைசிச் சில நூறு அடியைக் கண்டு நடுங்கியதைக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயல் ஏறக்குறைய முடிந்திருந்த சுவர்களை உடைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா இத்தனை அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியது. எங்கள் ஊர்க் கரைகளிலும் தூண்டில் வளைவு எனப்படும் கல்சுவர்கள் போட்ட பிறகு அலை உடையும் இடங்கள் மாறிவிட்டன. ஒரு கரையைப் பத்து வருடம் முன்பு தெரியும் என்பதை நம்பி இன்று அதில் இறங்க முடியாது.

அப்பா காலத்து மரங்கள் இப்போது எங்கள் ஊரில் அரிது. 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் வந்தன, 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் கரையை நிறைத்தன. மோட்டார் இருப்பதால் அலையைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். ஆனால் அலைக்குள் மோட்டார் நின்றுபோனால் அந்தப் படகு மரத்தைவிடக் கெட்டது.

காற்றே இல்லாத, வெயில் அடிக்கும் நாளிலும் கடல் ஏறும் என்பதைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிவயிற்றில் அடித்த புயலில் பிறந்த நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். ஆழ்கடலில் அவை கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பதினைந்து, இருபது விநாடி இடைவெளி இருக்கும். கரைக்கு வந்ததும் திடீரென எழும். சொல்லாமல் வருவதால் எங்கள் பக்கமும் கேரளத்திலும் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம், அதாவது பள்ளி விடுமுறையில் கடற்கரை நிறைந்திருக்கும் நேரத்தில். 2024 மே 6 அன்று, எங்கள் ஊரிலிருந்து தொலைவில்லாத கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் இழுத்துக்கொண்டது. கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. ஒரு அலைக்கூட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஓய்வு நீளமாக இருப்பதுதான் இதில் பெரிய மோசம். வந்து ஐந்து நிமிடம் பார்க்கிறவருக்குக் கடல் அமைதியாக இருப்பதாகவே தோன்றும். அதனால் நான் இப்போது இருபது நிமிடம் பார்க்காமல் படகைத் தோளிலிருந்து இறக்குவதில்லை. நண்பர்கள் பொறுமையிழக்கிறார்கள், இழக்கட்டும்.

கயாக் வாடகைக்கு விடுகிறவர்களிடமும் கற்றுத்தருகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லைஃப் ஜாக்கெட்டோடு ஹெல்மெட்டும் கொடுங்கள், கரையில் ஒரு ஆளை நிறுத்துங்கள், அந்தக் கரையில் தொழில் செய்யும் மீனவர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அவர் போகலாம் என்றால் மட்டும் இறக்குங்கள். போகிறவர்களுக்கும் ஒன்று. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் ஒவ்வொரு கடலோர மாவட்டத்துக்கும் அலை முன்னறிவிப்பைத் தினமும் வெளியிடுகிறது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். கிளம்புமுன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால், எத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தாலும், படகைக் கரையில் நன்றாக மேலே ஏற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.